நான் திருத்திய கும்மிப்பாட்டு

இறந்துபோன ஒரு பெண்ணின் மேல் நான் பொய்ப் பழி போட்டேன். அந்தப் பழியை அவளைப் பெற்றவளின் வாயாலேயே மேடையில் பாட வைத்தேன். பாடி முடிந்ததும் அதே மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் பல வழிகள் உண்டு. கல்லூரியில் காலமெல்லாம் தமிழ் நடத்தியவனுக்கு அவை எல்லாமே அத்துப்படி. சூழல் அப்படி இருந்தது என்று சொல்லலாம். நோக்கம் நல்லதுதான் என்று சொல்லலாம். சில ஆண்டுகள் என்னிடமே அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வயதாகிவிட்டது. பொய் சொல்லச் சோம்பலாக இருக்கிறது.

விருதுநகரில் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வட்டாரத்துக் கலை மன்றத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்தார்கள். கிராமத்துக் கலைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, கலைஞர்களுக்கு மேடை வாங்கிக் கொடுப்பது, ஓய்வூதியம் வாங்கித் தரும் நலவாரிய அடையாள அட்டைக்குச் சிபாரிசு செய்வது, ஆண்டுக்கு ஒரு விழா நடத்துவது ஆகியவை மன்றத்தின் வேலைகள். அதில் நல்லதும் நடந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் எத்தனையோ நாயனக்காரர்களும் கரகாட்டக்காரிகளும் வயதான காலத்தில் கையேந்தியிருப்பார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த நல்லதற்கு மன்றம் வாங்கிய விலை என்ன என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

மன்றத்தின் மேடைக்கு வரும் எந்தக் கலையும் வெறுங்கையோடு வரக்கூடாது. ஒரு 'கருத்து' கொண்டுவர வேண்டும். ஒயிலாட்டக்காரர்கள் கொசு ஒழிப்பைப் பற்றி ஆடினார்கள். வில்லுப்பாட்டுக்காரர் தன் குலசாமியின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு நெகிழிப் பையை ஒழிப்போம் என்று வில்லைத் தட்டினார். எமன் வேஷம் போட்டவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மேடையேறினார். ஊர் ஊராகத் தானாக முளைத்த பாட்டையும் ஆட்டத்தையும் பிடித்துவந்து, அதன் கழுத்தில் ஒரு அறிவிப்புப் பலகையை மாட்டி நடக்க விட்டோம். அதற்குச் சமூகத்தின் படைப்பாற்றலை வளர்ப்பது என்று பெயர் வைத்தோம். அறிக்கைகளில் அந்தச் சொற்றொடரை எழுதியவனும் நான்தான்.

அந்த ஆண்டு விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்க மன்றத்தின் செயலாளரும் நானும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனோம். அந்த ஊர்ப் பெண்கள் அநேகமாக எல்லாருமே பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கும். அவர்களுடைய முளைப்பாரிக் கும்மியைப் பற்றி யாரோ செயலாளரிடம் சொல்லியிருந்தார்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டுக் கும்மியடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஊரில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஓராண்டு கோயில் பக்கம் வர மாட்டார்கள். அது கழிந்து வருகிற முதல் முளைப்பாரியில், அந்த வீட்டுப் பெண் ஒருத்தி போனவர்களைப் பற்றி ஒரு அடி எடுத்துக் கொடுப்பாள். எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று அதில் இருக்கும். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடிக் கும்மியடிப்பார்கள். சாமிக்கு முன்னால் பாடியாகிவிட்டால் அதுதான் ஊரின் தீர்ப்பு. ஆகவே அந்த அடியில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் போன அன்று வேனை விட்டு இறங்கிய கையோடு, முகத்தில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைக் கழுவிவிட்டு வந்து பாடினார்கள். முக்கால்வாசிப் பாட்டு கேலி. போர்மேனின் வழுக்கை, வேன் டிரைவரின் காதல், புருஷன்மார் குடித்துவிட்டு வரும் நடை என்று ஒன்றையும் விடவில்லை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு குழுவிலேயே நல்ல குரல் வாய்த்த ஒருத்தி முன்னால் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய ஒரே மகள் வெடிவிபத்தில் போய் ஓராண்டு கழிந்திருந்தது. அந்தப் பங்குனியில்தான் மகளுக்கான அடியைக் கோயில் முன்னால் பாடியிருந்தாள். எங்களுக்கும் அதைப் பாடிக் காட்டினாள்.

"லோடு லாரி வாசலிலே நிக்குதுன்னு சொன்னாக – எங்க
நாலு பேரு ரூமுக்குள்ளே எட்டுப் பேரை வச்சாக
தூக்குச் சட்டி தெறக்கலையே தொட்டு ஒருவாய் திங்கலையே – எங்க
பூவைப் போல புள்ளைகளைப் பொட்டலமாத் தந்தாக"

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. சீசன் நெருக்கடியில் அதை எந்தக் கம்பெனி எப்படி மதிக்கிறது என்பது எங்கள் மாவட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பெண் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடுதான் அடுத்த வாரம் அந்தப் பாட்டின் கழுத்தை நெரித்தேன்.

விழாவின் மண்டபமும் சாப்பாடும் பட்டாசு முதலாளிகள் சிலருடைய உபயம். அந்த ஆண்டு விழாவின் 'கருத்து' தொழிற்சாலைப் பாதுகாப்பு. செயலாளர் என் வீட்டுக்கு வந்தார்.

"அய்யா, கும்மி அருமை. அந்தக் கடைசி அடியை மட்டும் கொஞ்சம் பதமாக்கித் தாங்க. முன்வரிசையிலே யார் யார் உட்காரப் போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். நேர்மறையா, ஒரு விழிப்புணர்வா வரட்டும். உங்க கை பட்டா சரியாயிரும்."

உங்கள் கை பட்டால் என்ற சொல் போதுமானதாக இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்குப் பணம் தரவில்லை. முகஸ்துதி ஒன்றே போதும் என்கிற அளவுக்கு மலிவாகத்தான் இருந்தேன். அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"அவசரமாய் வேலை செய்தாள் கைதவறிப் போட்டாள் – நம்
அன்பு மகள் பாதுகாப்பை ஏன்மறந்து விட்டாள்?"

சந்தம் பிசகவில்லை. மோனையும் விழுந்திருந்தது. படித்துப் பார்த்து எனக்கே ஒரு பெருமிதம் வந்தது. இதை எழுதும்போது என் விரல்களைப் பார்க்கவே கூசுகிறது.

என் தகப்பனார் நிலத்தை வைத்து ஆண்டவர். இந்தப் பெண்களின் பாட்டிமார் காலத்தில் அந்த வட்டாரத்துச் சனங்கள் எங்களைப் போன்றவர்களின் கரிசல் காட்டில்தான் களையெடுத்தார்கள். களையெடுக்கும்போது பாடுவார்கள். பாட்டில் எங்கள் வீட்டை வைத்தே வசை வரும். கூலித் தானியம் அளக்கும் மரக்கால் சிறுத்துப்போனதைச் சொல்வார்கள், பண்ணையாரின் தொந்தி பெருத்ததைச் சொல்வார்கள். என் தகப்பனார் வரப்பில் நின்றுகொண்டு காது கேளாதவர்போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை, கூலியில் கைவைத்தவர்தான். ஆனால் பாட்டில் கைவைக்க அவருக்குத் தோன்றியதில்லை. அதற்கு என்னைப்போல் படித்திருக்க வேண்டும்.

புது அடியைச் சொல்லிக் கொடுக்க நானே அந்த ஊருக்குப் போனேன். பெண்கள் சமுதாயக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் இரண்டு முறை வாசித்தேன். பிறகு அந்தத் தாய் கேட்டாள்.

"எம்மக கை தவறலையே அய்யா. ரூமுலே எட்டுப் பேரை வச்சாகன்னுதானே நான் பாடுனேன்."

"இது ஒங்க மகளைச் சொல்லலை தாயி. பொதுவாச் சொல்றது" என்றேன்.

"பொதுவுன்னா? மேடையிலே நிக்கிறதுலே மகளைப் பறிகுடுத்தவ நான் ஒருத்திதானே."

நான் கலையில் தனி மனிதர் பொதுமை அடைவதைப் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நன்றாகவே நினைவிருக்கிறது, எழுத மனம் வரவில்லை. குழுவில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவள். அவள்தான் சமாதானம் செய்தாள். "விடு மதினி. அவுக குடுத்ததை அவுக மேடையிலே பாடுவோம். நம்ம பாட்டை நம்ம கோயில்லே பாடுவோம். பள்ளிக்கூடத்துக்குப் போகையிலே செருப்பு, கோயிலுக்கு வெறுங்காலு, அது மாதிரி." எல்லாரும் சிரித்தார்கள். அட்டை கிடைத்தால் கம்பெனி இல்லாத மாதங்களில் நாலு மேடை கிடைக்கும் என்ற ஆசை எல்லாருக்குமே இருந்தது. ஒருத்திக்காக மற்றவர்கள் அதை இழக்க வேண்டுமா என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளே தலையை ஆட்டிவிட்டாள்.

வேறு யாராவது அந்த அடியை எடுத்துக் கொடுக்கட்டும், நான் பின்பாட்டில் நின்றுகொள்கிறேன் என்று மட்டும் கேட்டாள். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. தாய் பாடினால்தான் உருக்கமாக இருக்கும் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

விருதுநகர் மண்டபத்தில் பாடினாள். அந்த அடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளிவந்தன. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவளுக்கு ஒரு கேடயம், எனக்கு ஒரு பொன்னாடை.

அத்தோடு முடிந்திருந்தால்கூட அது பாவம்தான். முடியவில்லை. மன்றம் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டது. பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வரும்போதெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் அந்தப் பாட்டைப் போட்டு விஸ்வநத்தம், வெம்பக்கோட்டை என்று கம்பெனிகள் இருக்கிற ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். அவளுடைய ஊருக்குள்ளும் அந்த ஆட்டோ வந்தது. சின்னப் பெண்கள் போனில் பார்த்து அதை மனப்பாடம் செய்தார்கள். செருப்பும் வெறுங்காலும் என்று மூத்தவள் பிரித்து வைத்த எல்லை ஓராண்டில் அழிந்துபோனது.

இரண்டு பங்குனி கழித்து, விழா மலருக்காகக் கும்மியைப் பதிவு செய்ய அதே ஊருக்குப் போனேன். வட்டத்தில் அவள் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று மூத்தவளிடம் விசாரித்தேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தீகள்ல, அந்தப் பாட்டுத்தேன் அவளை வெளியே வச்சிருச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை, கரண்டு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் விவரித்தது இதுதான். அந்த அறையில் எட்டுப் பேரில் அந்த ஊரிலிருந்து போனவர்கள் இருவர். ஒருத்தி இவளுடைய மகள். இன்னொருத்தி அதே தெருவுக்கு வாழ வந்த பெண், கைக்குழந்தைக்காரி. ஆட்டோவில் பாட்டு ஓட ஓட, அந்தப் பெண்ணின் புருஷன் இவளோடு பேச்சை நிறுத்தினான். உன் மகள் கை தவறியதால்தான் என் வீட்டுக்காரி போனாள், நீயே மேடையேறிச் சொல்லிவிட்டாய் என்று தெருக்குழாயில் வைத்துக் கேட்டான். அவனுடைய பங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. கம்பெனியில் இழப்பீட்டைப் பற்றிப் பேசப் போனபோது அங்கிருந்த ஒருவர் போனை எடுத்து அவள் பாடிய படத்தையே அவளுக்குப் போட்டுக் காட்டினாராம். சாமிக்கு முன்னால் மகளுக்காகப் பாடிய அடியே பொய் என்று ஆகிவிட்டது. பொய்யடி பாடியவள் கும்மி வட்டத்துக்குள் நிற்க முடியாது.

"ஆனா உங்க எழுத்து நல்ல எழுத்து அய்யா. எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமா இருக்கு" என்றாள் மூத்தவள்.

உடனே ஓடிப்போய் எல்லாவற்றையும் சரிசெய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. கும்மியைப் பதிவு செய்துகொண்டு வீடு திரும்பினேன். மலருக்கு முன்னுரை எழுதினேன். அந்த ஆண்டு மன்றம் எனக்கு ஒரு விருது தருவதாக இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். தூக்கமும் வழக்கம்போல வந்தது.

அதற்குப் பிறகு வெம்பக்கோட்டைப் பக்கம் இன்னொரு விபத்து. போனவர்களில் ஒருவன் என் பழைய மாணவனின் தம்பி. துக்கம் கேட்கப் போயிருந்தேன். பந்தல் போட்டிருந்தார்கள், உடல் இன்னும் வந்து சேரவில்லை. பெண்கள் வாசலில் தலைவிரித்து உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் அந்த ஆட்டோ திரும்பியது. யாரோ முன்கூட்டியே போட்ட திட்டம், அந்தத் தேதிக்கு அந்த ஊர். விபத்து நடந்ததையோ அந்தத் தெருவில் சாவு என்பதையோ யாரும் பார்க்கவில்லை. கைதவறிப் போட்டாள், ஏன் மறந்து விட்டாள் என்று அந்தத் தாயின் குரல் பந்தலுக்குள் நுழைந்தது. இரண்டு ஆட்கள் ஓடிப்போய் டிரைவரை இறக்கி அடித்தார்கள். அவன் கூலிக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அடிபட வேண்டியவன் பந்தலுக்குள் வேட்டி மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒரு பெண் வந்து தண்ணீர் கொடுத்தாள்.

மன்றக் கூட்டத்தில் அந்தப் படத்தை நீக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த அடி பொய், அந்தப் பெண்ணின் சொந்த அடியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். கூட்டத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெங்காயப் பஜ்ஜி வந்திருந்தது, எனக்கு முதலில் நீட்டினார்கள். நிறையப் பேர் பார்த்த படம், மன்றத்துக்கே அதனால்தான் பெயர் என்றார் செயலாளர். கலைஞர்கள் சம்மதித்துத்தானே பாடினார்கள் என்றார் ஒருவர். இரண்டு வரிக்காக ஒரு நல்ல முயற்சியைக் கெடுக்கலாமா என்றார் இன்னொருவர். பழைய அடி எதிர்மறையாக இருக்கிறதே என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "எட்டுப் பேரை அடைச்சு வச்சது எதிர்மறை இல்லை, அதைப் பாடினதுதான் எதிர்மறையா?" என்று மேஜையைத் தட்டினேன். கேட்டபோதே உறைத்தது, எதிர்மறை, நேர்மறை என்ற அளவுகோலைக் குழுத் தேர்வுக்கு வகுத்துக் கொடுத்ததே நான்தான். என் சொற்களைத்தான் எனக்குத் திருப்பித் தந்தார்கள். அதற்காக என் ஆத்திரம் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. ஒரு ஊர் தன் சாவைத் தன் வாயால் சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காவல் நிலையத்தில் ஒரு கதை எழுதுகிறார்கள், கம்பெனியில் ஒரு கதை சொல்கிறார்கள், செய்தியில் இரண்டு வரி வருகிறது. கும்மி வட்டம் மட்டும்தான் அவர்களுடையதாக மிச்சமிருந்தது. கலையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதற்குள்ளும் நாங்கள் புகுந்தோம். காக்க வந்தவர்கள் வராமல் இருந்திருந்தால் அது காப்பாற்றப்பட்டிருக்கும்.

உறுப்பினர் பதவியை விட்டேன். அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே வேறொருவரைப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு அந்தத் தாயைத் தேடிப் போனேன். வேன் வருவதற்காகத் தெருமுனையில் காத்திருந்தேன். இறங்கியவள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல நடந்தாள். பின்னாலேயே போய், நான் செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவள் திரும்பினாள். "என்கிட்டே சொல்லி என்ன அய்யா? எம்மக கை தவறலைன்னு எனக்குத் தெரியாதா? எங்கன சொல்லணுமோ அங்கன சொல்லுங்க." கையை நீட்டி, அந்தக் கைக்குழந்தைக்காரியின் புருஷன் வீட்டைக் காட்டினாள்.

வீட்டு வாசலில் அந்தப் புருஷன் பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். நான் யார் என்று சொன்னேன். அந்த அடியை எழுதியது நான், அதில் சொன்னது உண்மை இல்லை, முதலாளிகளுக்குப் பயந்துகூட எழுதவில்லை, பாராட்டுக்கு ஆசைப்பட்டு எழுதினேன் என்றேன். அவன் எண்ணெய்க் குப்பியை மூடினான்.

"எனக்குத் தெரியும் சார்" என்றான். "அந்த ரூமுலே எட்டுப் பேரு இருந்தாக. பெட்டி எடுக்க உள்ளே போயிட்டு வந்தவனே நான்தேன். என் வீட்டுக்காரிகிட்டே பேசிட்டுத்தேன் வந்தேன்."

பிறகு ஏன் அந்த அம்மாவைக் குற்றம் சொன்னாய் என்று கேட்டேன்.

"வேற யாரைச் சொல்ல? கம்பெனிக்காரவுகளைப் பேச முடியுமா? நாளைக்கும் அங்கனதேன் லோடு ஏத்தணும். பேசாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. அப்பத்தேன் ஆட்டோவுலே உங்க பாட்டு வந்துச்சு. தோதாப் போச்சு."

அவன் குரலில் குத்தல் இல்லை. ஒரு கருவி கைக்குக் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன் என்பதைப்போலத்தான் சொன்னான். இதை அந்த அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன். அவள் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தலை குனிந்துகொண்டான்.

அதனால் நானே தெருவில் இறங்கி நின்று சொன்னேன். இரண்டாவது வேனும் வந்துவிட்டிருந்தது. பெண்கள் தூக்குச் சட்டிகளோடு நின்றார்கள். கைதவறிப் போட்டாள் என்ற அடி என்னுடையது, அது பொய், அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் கம்மியது. எத்தனையோ மேடையில் பேசியவன். கூட்டத்திலிருந்து மூத்தவள், "சத்தமாச் சொல்லுங்க அய்யா. பொய்யை ஆட்டோவுலே மைக் கட்டிச் சொன்னீக, நெசத்தை மட்டும் மென்னு முழுங்குறீக" என்றாள். யாரோ சிரித்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து உரக்கச் சொன்னேன். அந்தப் புருஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. அவன் மறுக்காததை எல்லாரும் பார்த்தார்கள். என் பேச்சை விட அதுதான் அங்கே எடுபட்டது.

அந்தத் தாய் அழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள்.

"வந்தீக, சொன்னீக. சரி. இனிமே எங்க பாட்டைக் கேக்க வராதீக அய்யா. கேட்டா உங்களுக்குக் கை சும்மா இருக்காது."

மன்றத்தின் காதுக்கு இது போகாமல் இருக்குமா? அந்தக் குழுவுக்கு அதற்குப் பிறகு ஒரு மேடையும் வரவில்லை. அட்டை கிடைத்தவர்கள் இருந்தார்கள், கூப்பிடத்தான் ஆளில்லை. நான் பாவத்தைக் கழுவப் போய், வேலையில்லாத மாதங்களில் அவர்களுக்கு வந்துகொண்டிருந்த அந்த நாலு காசையும் கெடுத்தேன். இதற்காக அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நியாயம். படம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதுகிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. இந்த ஆண்டும் ஆட்டோ சுற்றியது.

பங்குனி முடிந்த பிறகு ஒரு நாள் மூத்தவள் போன் செய்தாள். அந்தப் புருஷன் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனானாம். அவன் வீட்டில் அடி எடுத்துக் கொடுக்கப் பெண் யாரும் இல்லாததால், அவன் மனைவியைச் சாமிக்கு முன்னால் இதுவரை யாரும் பாடவில்லை. நீதான் பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அவள் உடனே சரி சொல்லவில்லை. முளைப்பாரி தூக்குகிற அன்றைக்குத்தான் வட்டத்துக்குள் வந்து நின்றாள். போன்களை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். எல்லாரும் வைத்துவிட்டு வந்தார்கள். அவனுடைய மனைவிக்கு ஒரு அடி பாடினாள், தன் மகளுக்கு மறுபடியும் ஒரு அடி பாடினாள். பழைய அடி இல்லை, புதிது. ஊர் முழுக்க வாங்கிப் பாடியது.

என்னை அறியாமலே கேட்டுவிட்டேன், புது அடி எப்படிப் போகிறது என்று.

"அது எதுக்கு அய்யா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு மூத்தவள் போனை வைத்தாள்.